மினசோட்டா காகஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நவம்பர் மாதம்தான் நினைவுக்கு வரும். ஆனால் நவம்பரில் வாக்குச்சீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, அதற்கு ஒன்பது மாதம் முன்பே தொடங்கும் கட்சிக் கூட்டங்கள். மினசோட்டாவில் அந்த வரிசையின் முதல் கூட்டம் பிப்ரவரிக் குளிரில், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். அதுதான் பிரீசிங்க்ட் காகஸ். ஒரே வாக்குச்சாவடிப் பகுதியில், அதாவது ஒரே பிரீசிங்க்டில், ஓட்டுப் போடுகிறவர்கள் தங்கள் கட்சியின் பெயரில் ஒன்றுகூடும் இரவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காகஸ் என்றால் தொலைக்காட்சியில் பார்த்த அயோவா காட்சிதான் பலருக்கும் தெரியும்: ஒரு மூலையில் ஒருவருடைய ஆதரவாளர்கள், இன்னொரு மூலையில் இன்னொருவருடைய ஆதரவாளர்கள், நடுவில் தலை எண்ணுகிறவர். அது அயோவா ஜனநாயகக் கட்சியினரின் பழைய முறை. மினசோட்டாவிலும் ஒரு காலத்தில் ஜனாதிபதி வேட்பாளருக்கான விருப்பத்தைக் காகஸில்தான் தெரிவித்தார்கள். 2016 மார்ச் 1 அன்று கூட்டம் தாங்கவில்லை. வரிசை பள்ளிக்கூட வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது, கார் நிறுத்த இடமில்லாமல் பலர் அலைந்தார்கள். அன்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் பெர்னி சாண்டர்ஸும் குடியரசுக் கட்சிப் பக்கம் மார்கோ ரூபியோவும் வென்றார்கள். அந்த நெரிசலுக்குப் பிறகு சட்டமன்றம் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வைத் தனி பிரைமரி தேர்தலாக, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தேர்தலாக, மாற்றியது. இந்தப் புதிய ஏற்பாட்டின் முதல் பிரைமரி 2020 மார்ச் 3 அன்று நடந்தது.

அப்படியானால் காகஸில் இனி என்ன வேலை என்று கேட்கலாம். ஆளுநர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஆகியோருக்குக் கட்சி யாரை முன்னிறுத்த வேண்டும் என்று முடிவு செய்யும் ஆட்கள் இங்கேதான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஜனாதிபதி விவகாரம் போனதால் கூட்டம் குறைந்துவிட்டது. புதிதாக வருகிறவருக்கு அது நல்ல செய்தி. நவம்பரில் லட்சக்கணக்கான ஓட்டுகளில் உங்களுடையது ஒன்று. காகஸில் சில பிரீசிங்க்ட் மேசைகளில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள், அதில் நீங்கள் ஒருவர்.

யார் போகலாம்

மாநிலச் சட்டம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது. அடுத்து வரும் நவம்பர் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடும் தகுதி உங்களுக்கு இருக்க வேண்டும். அந்த பிரீசிங்க்டில் குடியிருக்க வேண்டும். அந்தக் கட்சியின் கொள்கைகளோடு பொதுவாக உடன்பட வேண்டும். இன்று 17 வயதாக இருந்து, நவம்பர் தேர்தலுக்குள் 18 நிறைந்துவிடும் என்றால் தாராளமாகப் போகலாம். வாக்காளராக ஏற்கெனவே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, தகுதி இருந்தால் போதும். கல்லூரிக்குப் போகத் தயாராகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

மினசோட்டாவில் வாக்காளர் பதிவின்போது எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. அதனால் கட்சி உறுப்பினர் அட்டை, சந்தா என்று எதுவும் தேவையில்லை. ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு கட்சிகளின் காகஸிலும் கலந்துகொள்ளக் கூடாது. பெரிய கட்சிகள் என்று பார்த்தால் இரண்டு: குடியரசுக் கட்சி, அப்புறம் டி.எஃப்.எல். டி.எஃப்.எல். என்பது மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சிதான். விவசாயிகளும் தொழிலாளர்களும் நடத்திவந்த தனிக்கட்சி ஒன்று 1944ல் ஜனநாயகக் கட்சியோடு இணைந்ததால் ஜனநாயக, விவசாயி, தொழிலாளர் என்ற நீண்ட பெயர் இங்கு மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கே நம்மவர்கள் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் காகஸுக்கு வரலாம், பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். கூட்டம் பொதுவானது, யாரும் விரட்ட மாட்டார்கள். ஆனால் வாசலில் நீட்டும் பதிவுத் தாளில், ஓட்டுரிமைத் தகுதி தனக்கு இருப்பதாக உறுதியளிக்கும் வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். குடியுரிமை இல்லாதவர் இருப்பதாகச் சொல்வது அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் விஷயம், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடும். கட்சி தன் விதியில் ஏதாவது தளர்வு வைத்திருந்தாலும், ‘நான் பார்வையாளராக வந்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு உட்காருவதே நல்லது. வாசலில் இருக்கும் தொண்டர் நல்ல மனதோடு ‘பரவாயில்லை, போடுங்கள்’ என்பார். அவர் குடிவரவு வழக்கறிஞர் அல்ல.

போவதற்கு முன்

காகஸ் இரட்டைப்படை ஆண்டுகளில் நடக்கும். இரண்டு கட்சிகளும் சேர்ந்து வேறு நாள் குறிக்காவிட்டால் பிப்ரவரியின் முதல் செவ்வாய். 2022ல் பிப்ரவரி 1, 2024ல் பிப்ரவரி 27, 2026ல் பிப்ரவரி 3. நேரம் மாலை 7 மணி.

எங்கே போக வேண்டும் என்பதை மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் காகஸ் தேடல் பகுதியில் முகவரியைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். நாள் நெருங்கும்போதுதான் அது திறக்கும். நவம்பரில் நீங்கள் ஓட்டுப் போடும் இடமும் காகஸ் நடக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும், இரண்டு கட்சிகளுக்கும் இடமும் வேறு. பிரீசிங்க்ட் பெயரையோ எண்ணையோ குறித்துவைத்துக்கொள்ளுங்கள், உள்ளே போனதும் முதலில் கேட்பது அதைத்தான்.

வேலை நேரம் இடிக்கிறதா? இதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. குறைந்தது 10 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்தால், காகஸ் நடக்கும் நேரத்துக்கு முதலாளி உங்களை விட்டாக வேண்டும். போன நேரத்துக்கான சம்பளத்தைப் பிடிக்கலாம், வேறு எந்த வகையிலும் தண்டிக்கக் கூடாது. இரவு ஷிஃப்டில் இருக்கும் மருத்துவமனை ஊழியர்களுக்கும் கிடங்கு வேலைக்காரர்களுக்கும் இது பெரிய உதவி, பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஒரு பிரதியை வைத்துக்கொண்டால் போதும். அதே மாதிரி, அன்று மாலை 6 மணிக்குப் பிறகு நகரமன்றம், பள்ளி வாரியம் போன்றவை கூட்டம் நடத்தக் கூடாது, அரசுப் பள்ளிகளும் நிகழ்ச்சி வைக்கக் கூடாது. பிள்ளையின் பள்ளியில் இசை நிகழ்ச்சி இருக்கிறது என்ற சாக்கும் அன்று செல்லாது!

நேரில் வரவே முடியாதவர்களுக்கு டி.எஃப்.எல். ஒரு படிவம் வைத்திருக்கிறது. அதை நிரப்பி முன்னதாகவே அனுப்பினால் அடுத்த கட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியாக உங்கள் பெயரைப் பரிசீலிப்பார்கள், தீர்மானமும் கொடுக்கலாம். ஆனால் முதல்முறை என்றால் நேரில் போவதே மேல். படிவத்தால் அக்கம்பக்கத்து முகங்கள் பழக்கமாகாது.

கையில் என்ன எடுத்துப் போவது? பேனா, எழுதிய தீர்மானம் இருந்தால் அதன் இரண்டு பிரதி, பனிக்கு ஏற்ற காலணி. 6.30க்கே போய்விடுங்கள். கார் நிறுத்தத்தில் பத்து நிமிடம், நீங்கள் போக வேண்டிய மேசையைக் கண்டுபிடிக்க இன்னொரு பத்து நிமிடம். சின்னப் பிள்ளைகளையும் அழைத்து வரலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை.

அந்த இரவு

வாசலில் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்த விவரம் கட்சிக்கும் அதன் வழியாக வேட்பாளர்களுக்கும் போகும். தொலைபேசி கொஞ்ச நாள் ஓயாது. அது பிடிக்காதென்றால் இதற்கென்றே தனி மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பெரிய கூடத்தில் மேசைகள், ஒவ்வொன்றிலும் பிரீசிங்க்ட் பெயர் எழுதிய அட்டை. உங்கள் மேசையில் கன்வீனர் என்று ஒருவர் இருப்பார். கட்சி முன்கூட்டியே நியமித்தவர், கூட்டத்தைத் தொடங்கி வைப்பதுதான் அவர் வேலை. சில இடங்களில் கன்வீனர் யாரும் வந்திருக்க மாட்டார். அப்போது யாராவது ஒருவர் உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் வழிமுறைத் தாளைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம். வழிமுறை தெளிவாகவே இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை.

7 மணிக்குக் கூட்டம் தொடங்கியதும் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு பிரீசிங்க்டின் நிரந்தரத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல். இவர்களுக்கு இரண்டு ஆண்டுக்குத் தெருவில் கட்சியின் தொடர்பு ஆள் என்ற பொறுப்பு. போட்டி அபூர்வம். பெரும்பாலும் ‘யாருக்காவது விருப்பமா’ என்று கேட்டதும் எல்லோரும் மேசையைப் பார்ப்பார்கள்.

நடுவில் வேட்பாளர்கள் வந்து போவார்கள். சட்டமன்றத்துக்கு நிற்பவர், நீதிபதி பதவிக்கு நிற்பவர், ஆளுநர் வேட்பாளர் சார்பில் கடிதம் படிப்பவர் என்று ஒவ்வொருவரும் இரண்டு மூன்று நிமிடம் பேசிவிட்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்க இதைவிட எளிதான வாய்ப்பு ஆண்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அப்புறம் ஓர் உறையோ தொப்பியோ சுற்றி வரும், கட்சிச் செலவுக்கு நன்கொடை. கட்டாயம் இல்லை. கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். அரசியல் நன்கொடையில் ஒரு வரம்பு வரை மாநில அரசே திருப்பித் தரும் திட்டம் ஒன்று மினசோட்டாவில் இருக்கிறது, அதற்கு அந்த ரசீது வேண்டும்.

சில ஆண்டுகளில் ஆளுநர் வேட்பாளர்களுக்கு மாதிரி வாக்கெடுப்பு நடத்துவார்கள். சீட்டில் ஒரு பெயரை எழுதிப் பெட்டியில் போடுவது. மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வருவது இதன் முடிவுதான். இதைப் போட்டுவிட்டு ஏராளமான பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: அப்போது கிளம்பாதீர்கள்.

ஏனென்று 2018 சொல்லும். அந்த ஆண்டு பிப்ரவரி காகஸில் டி.எஃப்.எல். ஆளுநர் மாதிரி வாக்கெடுப்பில் டிம் வால்ஸ் முதலிடம், ரெபெக்கா ஓட்டோ இரண்டாமிடம், எரின் மர்ஃபி மூன்றாமிடம். ஆனால் ஜூனில் ராசெஸ்டர் நகரில் நடந்த மாநில மாநாட்டில் கட்சியின் ஆதரவைப் பெற்றவர் மூன்றாமிடத்து மர்ஃபி. மாதிரி வாக்கெடுப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. மாநாட்டில் கை தூக்கப் போகிறவர்கள் யார் என்பதுதான் கணக்கு, அந்த ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை முதலில் நடப்பதோ சீட்டுப் போட்டவர்கள் காரை ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும் நேரத்தில்.

பிரதிநிதியாவது எப்படி

ஒவ்வொரு பிரீசிங்க்டுக்கும் அடுத்த கட்ட மாநாட்டுக்கு இத்தனை பிரதிநிதிகள் என்று கட்சி ஒதுக்கியிருக்கும். முந்தைய தேர்தல்களில் அந்தப் பகுதி கட்சிக்கு எவ்வளவு ஓட்டு தந்தது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். பல மேசைகளில் இடங்கள் அதிகம், வந்திருப்பவர்கள் குறைவு. அப்போது விருப்பம் சொன்னாலே பிரதிநிதிதான். ‘நான் புதியவன், எனக்கு என்ன தெரியும்’ என்ற தயக்கம் நம்மவர்களிடம் அதிகம். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் அவ்வளவாக ஒன்றும் தெரியாது, அவர் கை தூக்கிவிட்டார், அவ்வளவுதான்.

போட்டி இருந்தால் ஒரு நிமிடம் பேசச் சொல்வார்கள். எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், எத்தனை காலமாக, எந்த இரண்டு பிரச்சினை உங்களுக்கு முக்கியம், எந்த வேட்பாளர் பக்கம் சாய்கிறீர்கள் அல்லது இன்னும் முடிவு செய்யவில்லை. இவ்வளவு போதும். வாழ்க்கை வரலாறு வேண்டாம், உச்சரிப்பைப் பற்றிய மன்னிப்பும் வேண்டாம்.

பிரதிநிதி இடம் கிடைக்காவிட்டால் மாற்றுப் பிரதிநிதி இடத்தைக் கேளுங்கள். இதை ஆறுதல் பரிசு என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. சனிக்கிழமை காலை நடக்கும் மாநாட்டுக்குப் பிரதிநிதிகளில் பலர் வரமாட்டார்கள். பிள்ளைக்கு ஹாக்கிப் போட்டி இருக்கும், அல்லது பனி பெய்யும். வராதவர்களின் இடத்தில் மாற்றுப் பிரதிநிதிகளை வரிசைப்படி உட்கார வைப்பார்கள். நேரத்தோடு போய்ப் பதிவு செய்துகொண்ட மாற்றுப் பிரதிநிதி, மதியத்துக்குள் ஓட்டுரிமையோடு உட்கார்ந்திருப்பது சாதாரணம்.

தீர்மானம்

காகஸில் யார் வேண்டுமானாலும் ஒரு தீர்மானத்தை முன்மொழியலாம். மேசையில் பெரும்பான்மை கிடைத்தால் அது அடுத்த மாநாட்டுக்குப் போகும், அங்கிருந்து மேலே ஏறி மாநில மாநாட்டில் கட்சியின் கொள்கை அறிக்கைக்குள் நுழையலாம். பெரும்பாலானவை வழியிலேயே உதிர்ந்துவிடும். உதிர்ந்தாலும் ஒரு பயன் உண்டு: ஒரே விஷயம் நிறைய மேசைகளிலிருந்து வந்திருக்கிறது என்பதைச் சட்டமன்ற உறுப்பினர்கள் கவனிக்கிறார்கள். அதனால் தனியாக எழுதுவதைவிட, வேறு வேறு பிரீசிங்க்டில் இருக்கும் நாலு நண்பர்கள் அதே வாசகத்தைத் தங்கள் மேசைகளில் கொடுப்பது பலமானது. ஈடன் பிரெய்ரியிலும் வுட்பரியிலும் பிளிமத்திலும் சிதறி வாழும் நமக்கு, இந்தச் சிதறலே இங்கே சாதகம்.

எழுதும்போது ஒரு தாளில் ஒரு விஷயம். காரணம் இரண்டு வரி, கோரிக்கை ஒரு வரி. ‘கல்வி மேம்பட வேண்டும்’ என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் நடக்காது. ‘பள்ளிகளில் ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கான மாநில நிதியை உயர்த்த வேண்டும்’ என்று எழுதினால் சட்டமன்றம் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறீர்கள். யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நடைபாதையில் பனி அள்ளுவது நகராட்சி விவகாரம். கிரீன் கார்டு வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது காங்கிரஸின் விவகாரம், நாட்டுக்கு நாடு வைத்திருக்கும் உச்சவரம்பு மத்திய அரசின் சட்டம். அதையும் தீர்மானமாகக் கொண்டுவரலாம், மாநிலக் கட்சி அதில் நிலைப்பாடு எடுக்கலாம். ஆனால் மேசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் சோயா விவசாயிக்கும் அது என்னவென்றே தெரியாது. ஒரு நிமிடத்தில் விளக்கத் தயாராகப் போங்கள். புள்ளிவிவரத்தைவிட, அதே தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் நிலை சீக்கிரம் புரியும்.

விவாதம் இப்படி நடக்கும்: முன்மொழிந்தவர் பேசுவார், ஆதரித்து ஒருவர், எதிர்த்து ஒருவர், பிறகு ஓட்டு. யாராவது வாசகத்தில் திருத்தம் சொன்னால் சட்டென்று கோபப்படாதீர்கள். ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் மேசை முழுக்க உங்கள் பக்கம் வரக்கூடும்.

சட்டப்படி காகஸ் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். சாதாரண ஆண்டில் எட்டரை மணிக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

அடுத்த சனிக்கிழமைகள்

காகஸ் முதல் படி. மார்ச், ஏப்ரலில் உள்ளூர் மாநாடு, பிறகு காங்கிரஸ் தொகுதி மாநாடு, மே இறுதியிலோ ஜூனிலோ மாநில மாநாடு. உள்ளூர் மாநாடு சட்டமன்ற மேலவைத் தொகுதி அளவிலோ மாவட்ட அளவிலோ இருக்கும். குடியரசுக் கட்சிக்காரர்கள் இதை பி.பி.ஓ.யு. (கட்சியின் அடிப்படை உள்ளூர் அமைப்பு) மாநாடு என்பார்கள். மாநிலத்தில் மேலவைத் தொகுதிகள் 67, காங்கிரஸ் தொகுதிகள் 8. காகஸில் தேர்வாகிறவர் உள்ளூர் மாநாட்டுக்கு மட்டுமே பிரதிநிதி. மேலே போக அங்கே மறுபடி ஜெயிக்க வேண்டும்.

காகஸுக்கும் உள்ளூர் மாநாட்டுக்கும் இடையில் நடப்பது வேடிக்கை. உங்கள் தொலைபேசி எண் பிரதிநிதிகள் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தத் தொகுதியில் வேட்பாளராக விரும்பும் ஒவ்வொருவரும் அழைப்பார்கள். சிலர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார்கள், காபிக் கடையில் சந்திக்கலாமா என்பார்கள். நவம்பரில் விளம்பரத்தில் மட்டும் பார்க்கும் முகம், மார்ச்சில் உங்கள் எதிரில் உட்கார்ந்து உங்கள் ஒரு கைக்காக அரை மணி நேரம் பேசும். அவசரப்பட்டு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘மாநாட்டில் முடிவு செய்கிறேன்’ என்பது மரியாதையான பதில், எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்குள் உங்கள் கேள்விகளைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

டி.எஃப்.எல். மாநாட்டில் மேல்மட்டப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை புதியவர்களைத் திணறடிக்கும். நடக்கும் துணைக் காகஸ் என்று பெயர். உண்மையிலேயே நடக்கத்தான் வேண்டும். யாராவது ஒருவர் எழுந்து ஒரு குழுவின் பெயரை அறிவிப்பார். ஒரு வேட்பாளரின் பெயராக இருக்கலாம், ஏரிப் பாதுகாப்பு, தொழிற்சங்கம், மருத்துவச் செலவு போன்ற பிரச்சினையாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எல்லாக் குழுக்களும் அறிவிக்கப்பட்டதும் ஒவ்வொன்றுக்கும் அறையில் ஒரு மூலை. உங்களுக்குப் பிடித்த மூலைக்குப் போய் நிற்க வேண்டும்.

கணக்கை ஒரு கற்பனை எண்ணோடு பார்த்தால் எளிது. அறையில் 180 பேர், தேர்ந்தெடுக்க வேண்டிய பிரதிநிதிகள் 18 என்று வையுங்கள். ஒரு பிரதிநிதிக்கு 10 பேர். 10 பேர் இல்லாத குழு பிழைக்காது. முதல் சுற்றில் ஐந்து குழுக்கள்: 64, 47, 33, 28, 8. எட்டுப் பேர் குழு கலைந்தாக வேண்டும், அல்லது இன்னும் இருவரைப் பிடித்து வர வேண்டும். அப்போது மற்றக் குழுக்களின் தூதர்கள் ஓடி வருவார்கள்: ‘எங்களோடு சேருங்கள், உங்கள் பிரச்சினையையும் எங்கள் பெயரில் சேர்த்துக்கொள்கிறோம், உங்களில் ஒருவருக்கு இடம் தருகிறோம்.’ பேரம் முடிந்து ஐந்து பேர் 33 பக்கமும் மூன்று பேர் 28 பக்கமும் போகிறார்கள் என்றால் கடைசி எண்ணிக்கை 64, 47, 38, 31. பத்தால் வகுத்தால் 6.4, 4.7, 3.8, 3.1. முழு எண்கள் 6, 4, 3, 3. மொத்தம் 16 வருகிறது. மீதி இரண்டு இடம் பின்னம் பெரிதாக உள்ள 3.8க்கும் 4.7க்கும் போகும். முடிவு 6, 5, 4, 3.

இதில் புதியவர் கவனிக்க வேண்டியது இரண்டு. பெரிய குழுவில் 64வது ஆளாக நிற்பதால் யாருக்கும் லாபம் இல்லை. அந்த 64 பேர் குழுவில் ஆறு இடத்துக்கு இருபது பேர் போட்டியிடுவார்கள். 28 பேர் குழுவில் போய்ச் சேர்ந்த மூன்று பேரில் ஒருவர், பேரத்திலேயே ஓர் இடத்தைப் பேசி வாங்கியிருப்பார். இரண்டாவது, எண்ணும்போது கழிப்பறையில் இருந்தால் நீங்கள் இல்லாதவர். எண்ணிக்கை அறிவிப்பு வந்துவிட்டால் இடத்தைவிட்டு நகராதீர்கள்.

குடியரசுக் கட்சி மாநாட்டில் இந்த நடை இல்லை. பெயர் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்து நேரடி ஓட்டு. வேகமாக முடியும், ஆனால் உங்களைத் தெரிந்தவர்கள் அறையில் இருந்தாக வேண்டும். அங்கே காகஸ் இரவிலிருந்தே பழகுவது இன்னும் முக்கியம்.

இரண்டு கட்சியிலும் ஒரு வேட்பாளருக்கு எண்டார்ஸ்மெண்ட், அதாவது கட்சியின் அதிகாரபூர்வ ஆதரவு கிடைக்க 60 சதவீத ஓட்டு வேண்டும். முதல் சுற்றிலேயே கிடைப்பது அரிது. சுற்றுக்குச் சுற்று கடைசியில் இருப்பவர் விலக, மாலை வரை இழுக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். எலுமிச்சை சாதம் கெடாது, பக்கத்து நாற்காலிக்காரரோடு பேச்சைத் தொடங்கவும் உதவும். யாருக்கும் 60 கிடைக்காமல், ஆதரவு யாருக்கும் இல்லை என்று கலைவதும் நடக்கும்.

நுழைவு அட்டை, ஓட்டுச் சீட்டு, மின்னணு ஓட்டு என்றால் அது பதிவானதா என்பது, இவற்றை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் அப்போதே மைக்கைக் கேட்டுச் சொல்லுங்கள். இது வெறும் சம்பிரதாயப் பேச்சு அல்ல. 2025 ஜூலையில் மினியாபோலிஸ் நகர டி.எஃப்.எல். மாநாடு மேயர் பதவிக்கு ஒமர் ஃபதேவை ஆதரித்தது. ஓட்டெடுப்பில் குளறுபடி என்று புகார் எழ, ஆகஸ்டில் மாநிலக் கட்சி அந்த ஆதரவையே ரத்து செய்தது. நவம்பரில் வென்றவர் அப்போது பதவியில் இருந்த ஜேக்கப் ஃப்ரே.

அந்த ஆதரவுக்கு என்ன மதிப்பு

எண்டார்ஸ்மெண்ட் கிடைத்தவருக்குக் கட்சியின் ஆள்பலம், வாக்காளர் பட்டியல், துண்டுப்பிரசுரத்தில் பெயர் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஆகஸ்டில் பிரைமரி தேர்தல் இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். மாநாட்டில் தோற்றவர் ஒதுங்கிக்கொண்டால் ‘ஆதரவுக்குக் கட்டுப்பட்டார்’ என்பார்கள். கட்டுப்படாதவர்களும் நிறைய. 2010ல் டி.எஃப்.எல். மாநாடு ஆதரித்தது மார்கரெட் ஆண்டர்சன் கெலிஹரை. மாநாட்டைத் தாண்டிப் பிரைமரிக்குப் போன மார்க் டேட்டன் வென்று ஆளுநரானார். 2018ல் மர்ஃபிக்கும் அதேதான் நடந்தது, ஆகஸ்டில் வால்ஸ் வென்றார். அதே 2018ல் குடியரசுக் கட்சியில் கதை நேர்மாறு: கட்சி ஆதரித்த ஜெஃப் ஜான்சன், முன்னாள் ஆளுநர் டிம் பாலென்டியைப் பிரைமரியில் தோற்கடித்தார்.

ஆளுநர் போட்டியில் பணமும் தொலைக்காட்சியும் மாநாட்டை மீறிவிடலாம். சட்டமன்றத் தொகுதியில் அது கடினம். அங்கே ஓரிருநூறு பிரதிநிதிகள் கொடுக்கும் ஆதரவு பெரும்பாலும் வேட்பாளரையே முடிவு செய்துவிடுகிறது, ஒரே கட்சி எப்போதும் வெல்லும் தொகுதி என்றால் உறுப்பினரையே முடிவு செய்துவிடுகிறது. 2016ல் மினியாபோலிஸின் ஒரு தொகுதியில், 44 ஆண்டுகளாகச் சட்டமன்றத்தில் இருந்த ஃபில்லிஸ் கானை எதிர்த்து, சோமாலியாவில் பிறந்த இல்ஹான் ஒமர் நின்றபோது மாநாடு யாருக்கும் ஆதரவு தராமல் முடிந்தது. பதவியில் இருப்பவருக்குக் கட்சி ஆதரவு கிடைக்காமல் தடுத்ததே பாதி வெற்றி. ஆகஸ்ட் பிரைமரியில் ஒமர் வென்றார். சோமாலியர்கள் இந்த ஊருக்கு நம்மைப் போலவே வெளியிலிருந்து வந்தவர்கள். காகஸ் மேசைகளை நிரப்பக் கற்றுக்கொண்டதில் நம்மைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறார்கள்.

இத்தனையும் வேண்டாம், எனக்குச் சனிக்கிழமைகள் இல்லை என்கிறவர்களுக்கும் காகஸில் ஒரு வேலை உண்டு. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் பணியாற்ற விரும்புகிறவர்களின் பெயர்ப் பட்டியலும் அந்த மேசையில் சுற்றி வரும். கட்சிகள் அந்தப் பட்டியலைத் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பும், சம்பளம் உண்டு, பயிற்சி அவர்களே தருவார்கள். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியும் தெரிந்தவர்கள் என்றால் அதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.